கங்காணியும் விசா ஆலோசகரும்

பெங்களூரில் அல்சூரிலோ சிவாஜி நகரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்தால், முதலில் எழும் வினா "சம்பளம் எவ்வளவு?" என்பது. அடுத்தது, "எப்பொழுது புறப்படுகிறான்?" என்பது. "எந்த விசாவில் போகிறான்? அந்த விசா போதும் என்று சொன்னவர் யார்?" என்று கேட்கும் பெரியவர்கள் மிகச் சிலரே. அந்த வினாவைப் பற்றியே இன்று சிறிது நேரம் சிந்திக்க விரும்புகிறோம்.

நாம் பிற மாநிலத்தில் வாழ்கின்றவர்கள். கடைத்தெருவில் கன்னடத்தில் பேரம் பேசவும், அலுவலகத்தில் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதவும் கற்றுக்கொண்டோம். ஆயினும் மனத்தில் உள்ள அச்சத்தை வெளியிட்டுக் கேட்கவேண்டிய இடத்தில் ஒரு தமிழ்க் குரலையே தேடுகிறோம். ஆதலால், "நம் ஊர்க்காரர் ஒருவர் ஆலோசனை நிலையம் வைத்திருக்கிறார்" என்று கேள்விப்பட்டவுடன் பாதி ஐயம் நீங்கிவிடுகிறது. அவரிடம் பதிவெண் உண்டா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்றுகூடக் கூசுகிறோம்.

இந்தக் கூச்சம் நமக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம்மவரை அழைத்துச் சென்ற கங்காணி அயலார் அல்லர். அதே கிராமத்தவர், பல சமயம் உறவினர். அவர் கொடுத்த முன்பணம் கடனாக ஏறியது. இலங்கையில் அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அதைத் தீர்க்காமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. 1921-இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏமாந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். தம் மொழி பேசியவரை நம்பினார்கள், அவ்வளவே.

நூறாண்டு கழித்து 2022-இல் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல ஊதியம் என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இந்திய இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைபட்டனர். இணைய மோசடித் தொழிலில் அவர்களை வலிந்து ஈடுபடுத்தினார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள முகவர்கள் இவ்வாறு ஆள் சேர்க்கிறார்கள் என்று எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் தமிழர் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். கணினித் தொழிலையே உயிராகக் கொண்ட பெங்களூரில் இருக்கும் நமக்கு இச்செய்தி மிக அருகில் நிகழ்ந்ததாகும்.

இதில் ஆழ்ந்து நோக்கவேண்டிய ஒன்று உண்டு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் முதலிய பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும் என்னும் முறையை உண்டாக்கிற்று. வேலை ஒப்பந்தத்தை அரசு அதிகாரி ஒருவர் ஒரு முறையேனும் பார்க்கிறார். தாய்லாந்தும் அப்பதினெட்டில் ஒன்று. ஆனால் பட்டம் பெற்ற நம் பிள்ளைக்கு அவ்வனுமதி தேவையில்லை. ஆகையால் அவனுடைய தாள்களை எவரும் பார்ப்பதில்லை. கொத்தனாருக்கு உள்ள காவல் பொறியாளனுக்கு இல்லை! படிப்பே காவல் என்று சட்டம் கருதியது போலும்.

எனினும் படித்தவருக்கும் பொருந்தும் விதி ஒன்று அச்சட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் யாராயினும் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அவர் பெயரை அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். வேலை தேடுபவரிடம் அவர் பெறும் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்ற உச்ச வரம்பும் உண்டு. அதன்மேல் வரி மட்டுமே. இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

படிப்புக்கும் நிரந்தரக் குடியுரிமைக்கும் வழி சொல்லும் ஆலோசகர்களின் நிலை வேறு. அவர்களுக்குரிய தகுதியைப் பெரும்பாலும் சேருமிடத்து நாடே வகுக்கிறது. கனடாவை எடுத்துக்கொள்வோம். பணம் பெற்றுக்கொண்டு குடியேற்ற ஆலோசனை கூறுபவர் அந்நாட்டில் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருத்தல் வேண்டும். ஆலோசகர்களின் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு உள்ளது. அப்படியிருந்தும், போலிச் சேர்க்கைக் கடிதங்களைத் தம் முகவர் கொடுத்தார் என்பதை அறியாமல் அங்குச் சென்று, படித்து முடித்தபின் நாடுகடத்தும் உத்தரவை எதிர்நோக்கிய இந்திய மாணவர்களின் துயரம் 2023-இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து அந்நாடு ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கத் தொடங்கிற்று. நாமும் அதையே செய்யலாமே! கல்லூரிக்கு நேரே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதற்கு முகவரின் அனுமதி வேண்டுவதில்லை.

ஆலோசகர் வாயிலிருந்து வரும் ஒரு சொற்றொடரை மட்டும் செவிகூர்ந்து கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். "இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பதே அது. எந்த நோக்கத்துக்காகச் செல்கிறோமோ அந்த நோக்கமே விசாவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேறு நோக்கம் எழுதிய தாளுடன் சென்றவர், முதலாளி கொடுமை செய்தாலும் அந்நாட்டுக் காவல் நிலையத்துக்குப் போக அஞ்சுவார். அவ்வச்சத்தை நம்பியே அத்தகைய முதலாளிகள் தொழில் நடத்துகிறார்கள்.

வேலைக் கடிதம் கையில் வந்ததும், அதன் நகலை அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பி, இப்படி ஒரு நிறுவனம் உண்டா என்று கேட்கலாம். விடை வரச் சில நாட்கள் ஆகும். அதுவரையில் பெங்களூரில் உள்ள வேலைக்கு ராஜிநாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். அம்மாவின் நகையையும் அடகுக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.