ஆங்கிலத் தகைமைப் பரீட்சையும் நம் வாலிபரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உயர்கல்வியை நாடியோ தொழிலை நாடியோ கடல் கடக்க விரும்பும் நம்மவர்க்கு ஆங்கிலத் தகைமைப் பரீட்சை இன்று வாயிற்காவலனாய் நிற்கின்றது. அவ்வாயிலின் திறவுகோல் மனனமே என்று எண்ணுவோர் பலர். பழக்கமே திறவுகோல் என்பதை எடுத்துக் கூறவே இம்மேடையில் நிற்கின்றோம்.

இத்தகைய பரீட்சை நேற்று முளைத்ததன்று. 1913ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பிறமொழியாளர்க்கென ஓர் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை நடத்தியது. பன்னிரண்டு மணி நேரம் கொண்ட அதற்குத் தோற்றியோர் மூவர், ஒருவரேனும் சித்தியெய்தினாரல்லர். மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல், இலக்கியம் முதலியன அதன் பாடங்களாய் இருந்தன. பின்னர் 1964இல் அமெரிக்காவில் ரோபல் பரீட்சையும், 1989இல் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையும் தோன்றின. இப்பரீட்சைகள் இலக்கணச் சூத்திரத்தை ஒப்புவிக்கச் சொல்வதில்லை. மொழியைக் கையாளச் சொல்கின்றன.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையையே நோக்குவோம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என அதற்கு நான்கு கூறுகள். கேட்டற் பகுதியில் ஒலிப்பதிவு ஒருமுறையே ஒலிக்கும். தவறவிட்ட சொல்லை மீண்டும் கேட்க வழியில்லை. வாசித்தற் பகுதியில் 60 நிமிடத்தில் 40 வினாக்கள். எழுதுதற் பகுதியில் 150 சொற்களுக்குக் குறையாத ஒன்றும், 250 சொற்களுக்குக் குறையாத ஒன்றுமாக இரண்டு ஆக்கங்கள். பின்னதற்கே இருமடங்கு மதிப்பு. பேச்சு 11 முதல் 14 நிமிடம் வரை. பரீட்சகர் ஒரு பொருளைத் தந்து, ஒரு நிமிடம் சிந்திக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் செய்வார். பின்னர் அதனையொட்டி வினாக்கள் தொடரும்.

இங்கே மனனம் என்ன செய்யும்? உருப்போட்ட கட்டுரைக்கும் கேட்கப்பட்ட வினாவுக்கும் ஒரு சொல் வேறுபட்டாலும் கட்டுரை திசை தவறிவிடும். மனனஞ் செய்த விடையை இனங்காணப் பரீட்சகர் பழகியவர். நகையை அடகு வைத்துக் கட்டணஞ் செலுத்திய குடும்பத்தின் நம்பிக்கை அந்த ஒரு தாளில் அழிந்துபோவது எவ்வளவு பரிதாபம்! பெற்ற புள்ளியும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. வெள்ளையரைப் போல மூக்காற் பேசினாற் புள்ளி கூடும் என்பர். பேச்சு தெளிவாய் விளங்குகின்றதா என்பதே அங்கே நோக்கப்படுகின்றது. நம் நாவின் சாயல் குற்றமாகாது.

மருத்துவர்க்கும் தாதியர்க்கும் உரிய ஓ.ஈ.ரி. பரீட்சையோ இன்னும் தெளிவானது. நோயாளியுடன் உரையாடுவது போலப் பேச வேண்டும். நோயாளியின் நிலையை விளக்கிக் கடிதம் எழுத வேண்டும். அயல்நாட்டு வைத்தியசாலையிலே ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தன்றோ? இதனை எண்ணின், இப்பரீட்சையை வெறுந்தடை என்று வெறுக்க மாட்டோம்.

1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரி எழுந்த காலந்தொட்டு ஆங்கிலம் நம் மண்ணுக்குப் புதியதன்று. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாமும் அதன் பயனை அறிவோம். ஆயினும் இன்று பத்தாண்டுக்கு மேல் அம்மொழியைப் படித்த பிள்ளைகள் பலர் வாய் திறக்க அஞ்சுகின்றனர். கண்ணாற் படித்த மொழியைக் காதுக்கும் நாவுக்கும் பழக்காமையே காரணம்.

ஆதலின் இச்சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், கட்டணமின்றி ஆங்கில உரையாடல் வட்டம் ஒன்றை நடத்துவோம். ஒருவர் பத்திரிகைச் செய்தியை வாசிக்க, மற்றவர் கேட்டுத் தம் சொல்லிற் கூறட்டும். தவறுகண்டு நகைப்போர்க்கு அங்கே இடமில்லை. தனி வகுப்புக்குப் பணமில்லாத பிள்ளைக்கு இதுவே பேருதவியாகும்.

இறுதியாக ஒன்று. அப்புள்ளி ஒருவரது ஆங்கிலப் பழக்கத்தை அளப்பதேயன்றி, அறிவையோ ஒழுக்கத்தையோ அளப்பதன்று. குறைந்த புள்ளி பெற்ற தம்பி தங்கையரை இகழாது, மறுமுறைக்குத் துணைநிற்போமாக.