திருவிழாக் கூட்டமும் தொற்றுநோயும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2019ஆம் ஆண்டு அத்திவரதர் காட்சியளித்த காலத்தில் நம் காஞ்சிமாநகர் கண்ட ஜனத்திரள் மறக்கற்பாலதன்று. அடுத்த வைகாசியிலோ, கொரோனா நோயின் பொருட்டு வரதராஜப் பெருமாளின் கருடசேவை வீதியுலா நின்றது. 2022இல்தான் மீண்டும் வீதி கண்டது. 'தெய்வ காரியத்தை நிறுத்தலாமோ?' என்று அன்று வாதித்தவர்களுள் அடியேனும் ஒருவன்.

கணக்கிட்டுப் பார்த்த பின்னரே மனம் மாறிற்று. ஊரில் நூற்றுவருள் ஒருவருக்கு நோய் உளதெனக் கொள்வோம். 10 பேர் கூடுமிடத்தில் நோயாளி ஒருவரேனும் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 10. 50 பேரிடத்தில் 40. 300 பேர் கூடும் கலியாணத்தில் 95! இருமுவார் ஒருவரும் இலர் என்றாற் போதாது. குறி தோன்றுமுன்னரே இந்நோய் பரவவல்லது.

இடமும் நேரமும் அதனினும் முக்கியமானவை. 2020 மார்ச்சு 10ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் 61 பேர் ஒரு கூடத்துள் இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினர். 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிட்டனர், இருவர் மாண்டனர். ஆகவே, வீதியில் இடம்விட்டு நின்று சேவிப்பதைக் காட்டிலும், சன்னல் சாத்திய குளிர்சாதன மண்டபத்துப் பந்தியே அஞ்சத்தக்கது. நம் தறிக்கூடமும் அத்தகையதே. மண்டபத்துக்குப் போய்வருபவன் பேரன். படுக்கையில் வீழ்பவளோ அவனருகே தார் சுற்றும் பாட்டி.

'கலியாணம் சுருங்கினால் பட்டு விற்குமோ?' என்பீர்கள். நியாயமான கேள்வியே, 2020இல் தறிகள் நின்றதைக் கண்டோம். உறவினர் எடுக்கும் புடவைகள் குறையும், மறுக்கவில்லை. ஆயினும் கலியாணத்தையே தள்ளிவைத்தால் கூறைப்புடவையும் அன்றோ நின்றுபோகிறது? முப்பது பேரோடு முற்றத்தில் நடத்தினால் அதுவேனும் தறியில் ஏறும்.