மாலத்தீவுக்குப் போகிறவர்களுக்கு: முதலில் படகு, அப்புறம் விமானம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கான்கிரீட்டைப் பத்திப் பேசாதப்பா, சாப்பாட்டுக்கு முன்னாலேயே எல்லாரும் தூங்கிடுவாங்க" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். மாலத்தீவில் ஒரு கழிவுநீர்க் குழாய்த் திட்டத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான். அதனால் வருஷத்துக்கு நாலைந்து பேராவது எனக்கு போன் போட்டு, "டிக்கெட் போட்டாச்சு, இனிமே என்ன பண்ணணும்?" என்று கேட்கிறீர்கள். டிக்கெட் போட்ட பிறகு கேட்பதுதான் சிக்கலே. இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நாடு சின்னதுதான். ஆனால் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். சுமார் 1,200 தீவுகள், அதில் ஊர் என்று மக்கள் குடியிருப்பது 200க்கும் குறைவு. திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். இறங்குகிற விமான நிலையமே ஹுலுலே என்ற தனித் தீவு. வெளியே வந்தால் நம்ம ஊர் மாதிரி ஆட்டோ ஸ்டாண்டு இருக்காது, படகுத்துறை இருக்கும். தலைநகர் மாலேவுக்கு 2018இல் கடல் மேல் பாலம் வந்துவிட்டது. 1997இல் கடலைத் தூர்க்க ஆரம்பித்து உருவாக்கிய ஹுலுமாலேவுக்கும் சாலை உண்டு. இந்த இரண்டுக்கும் பஸ், டாக்சி கிடைக்கும். மற்றபடி நீங்கள் தங்கப்போகிற தீவுக்குத் தண்ணீர் வழியாகவோ ஆகாய வழியாகவோதான் போகணும்.

ஆகாயம் என்றதும் எல்லோருக்கும் கடல் விமானத்தின் மேல்தான் ஆசை. ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானம். பதினைந்து பேர் போலத்தான் ஏறலாம், பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு. விமானிகள் பல பேர் செருப்பில்லாமல் ஓட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அங்கே அது வழக்கம். பயப்பட வேண்டிய விஷயம் வேறு. தண்ணீரைக் கண்ணால் பார்த்து இறங்குகிற விமானம் என்பதால் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் வந்து இறங்குகிறவர்களுக்கு அன்றைக்கு அது கிடையாது. மதியம் மூன்று, மூன்றரைக்குள் இறங்கியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் நம்ம ஊர்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். ஐந்து மணி விமானம். விலை குறைச்சல் என்று ஏஜெண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். தீவில் அன்றைய இரவுக்கான அறை வாடகை போச்சு, ஹுலுமாலேவில் ராத்தங்க இன்னொரு வாடகை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு செலவு. கூட வந்த பாட்டிக்கு மட்டும் கவலையே இல்லை. "இங்கேயும் கடல்தானேடா இருக்கு" என்றார்.

அதனால் முதலில் தங்குமிடத்துக்கு எழுதிக் கேளுங்கள். எதில் வரணும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு, போகவர ஆளுக்கு எவ்வளவு? கடல் விமானத்துக்கே 400, 500 டாலர் ஆகும். அறை வாடகையில் அது பெரும்பாலும் சேராது. வாடகை மேலேயும் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 17 சதவீதம் வரி. 2025இலிருந்து பசுமை வரி தனியாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 அல்லது 12 டாலர். இன்னொன்று, சில சொகுசுத் தீவுகளில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருப்பார்கள். "படகு நாலு மணிக்கு" என்றால் மாலே நேரமா, தீவு நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்ம மாதிரி ஆட்களுக்கு ஊர்த் தீவுகளில் இருக்கும் விருந்தினர் விடுதிகள்தான் கட்டுப்படியாகும். மாஃபுஷி போன்ற பக்கத்துத் தீவுக்கு ஸ்பீட்போட்டில் அரை மணி, முக்கால் மணி. முன்வரிசையில் உட்கார ஆசைப்படாதீர்கள். படகின் முன்பக்கம்தான் அலையில் தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் பின்னால் உட்காரணும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அப்போது இன்னும் மோசம். அரசாங்க ஃபெர்ரி ரொம்ப மலிவு, ஆனால் மெதுவாகப் போகும். வெள்ளிக்கிழமை பெரும்பாலும் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை விஷயம் சின்னது மாதிரி தெரியும். நான் இருந்தது தெற்கே லாமு அட்டாலில் ஒரு தீவு. அங்கே பள்ளிக்கூடத்தில் நம்ம ஊர் வாத்தியார் ஒருவர் இருந்தார். ஜூன் மாதம், வியாழக்கிழமை ராத்திரி, ஊரில் அப்பா தவறிவிட்டார் என்று போன். விடிந்தால் வெள்ளி. ஃபெர்ரி இல்லை. விமானம் இருக்கிற கத்தூ தீவுக்கு நடுவில் கடல், காற்று வேறே. நான் ஒவ்வொரு படகுக்காரருக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் பள்ளிக்கூடக் காவல்காரர் போய் மீன்பிடிக்கிறவர்களை எழுப்பிவிட்டார். நாலு பேர் தோணியை இறக்கினார்கள். அவர்களும் 'தோனி' என்றுதான் சொல்கிறார்கள். டீசல் காசைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. வாத்தியார் காலை விமானத்தைப் பிடித்து, மறுநாள் எடுப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தார். வேலைக்குப் போகப்போகிற தம்பிமார்களே, எந்தத் தீவில் போட்டாலும் போன முதல் வாரமே படகு வைத்திருக்கிற ரெண்டு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரைத் தெரிந்துகொள்வதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

இனிச் சில்லறை விஷயங்கள். சுற்றுலாவுக்கு நாம் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிட உறுதியும் கையில் வேணும். 'இமுகா' என்ற பயண அறிவிப்பைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பணும். அது இலவசம், காசு கேட்டால் அது வேறு ஆள். கொழும்பு வழியாகப் போகிறவர்கள் அங்கே பாட்டில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பன்றி இறைச்சியும் கூடாது. பெட்டியில் பிள்ளையார் விக்கிரகம் வைத்து அனுப்புகிற அம்மாக்களே, வழிபாட்டு விக்கிரகமும் தடைப் பட்டியலில் இருக்கிறது. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு அவசியம். மாணவர்கள் கவனியுங்கள்: மின்சிகரெட்டுக்கு எல்லோருக்கும் தடை. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 2025 நவம்பரிலிருந்து சாதா சிகரெட்டும் தடை. சுற்றுலாப் பயணி என்றாலும் விதிவிலக்கு இல்லை.

சைவக்காரர்கள் "மீன் இல்லாமல்" என்று தனியாகச் சொல்லணும். மாசிக்கருவாட்டின் தாய்நாடு அது. கறி வேண்டாம் என்றால் மீனைப் போட்டுத் தருவார்கள். மின்சாரம் நம்ம 230 வோல்ட்டுதான், ஆனால் சதுரக் கால் மூன்று உள்ள பிரிட்டிஷ் பிளக். மாற்றுப் பிளக் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.

திரும்புகிற நாள் பற்றி ஒன்று. காலை விமானம் என்றால் முதல் நாள் ராத்திரியே ஹுலுமாலேவுக்கு வந்துவிடுங்கள். காற்று கிளம்பினால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது. ஆழ்கடலில் சிலிண்டர் மாட்டி முங்கியவர்கள் 24 மணி நேரம் கழித்துத்தான் எந்த விமானத்திலும் ஏறணும். கடல் விமானமும் அதில் சேர்த்திதான். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன், மேலே போகப் போகக் குமிழாகும். சோடா பாட்டிலைத் திறந்தால் என்ன ஆகிறது என்று நம்ம கெமிஸ்ட்ரி சார் காட்டியிருக்கிறாரே, அதேதான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பந்தி போட்டாச்சாம். மிச்சத்தை இலையில் உட்கார்ந்து கேளுங்கள்.