கோடையைக் கடக்கும் புல்

மணமக்களை வாழ்த்தும் பெரியோர் ஆலமரத்தையும் அறுகம்புல்லையும் ஒருங்கே நினைவூட்டுவது தமிழர் மரபு. தழைப்பதற்கு ஆல் உவமை. வேரோடுவதற்கு அறுகு உவமை. வானளாவிய மரத்திற்கு அருகே, மனிதர் காலால் மிதித்துச் செல்லும் புல்லைச் சரியாசனம் கொடுத்து வைத்த முன்னோரின் நுண்ணறிவு வியத்தற்குரியது. வள்ளுவரும் மழையின் பெருமையைக் கூறப் புகுந்த இடத்தில், வானம் பொய்த்தால் நேரும் கேட்டிற்குப் புல்லையே சான்றாக நிறுத்தினார். மழையின் வரவையும் மறைவையும் முதலில் அறிவிப்பது புல். நிலத்தின் நலத்தைக் காட்டும் கண்ணாடியும் அதுவே.

அந்தப் புல்லை ஒரு கலையாகவே வளர்த்துப் பேணும் இடம் ஒன்று உண்டு. அதுவே கொல்ப் மைதானம். இலங்கையில் அவ்விளையாட்டுக்குரிய கழகம் கொழும்பிலே 1879ஆம் ஆண்டில் தோன்றியது. பொறளைப் பகுதியில் உள்ள இன்றைய மைதானத்திற்கு 1896இல் இடம்பெயர்ந்தது. நுவரெலியாவிலே 1889இல் மற்றொரு கழகம் அமைந்தது. கொழும்பு மைதானத்தின் ஊடாகக் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை செல்கின்றது. கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை வரையில் ஒரு காலத்தில் நீண்டிருந்த பாதை அது. தோட்டங்களின் தேயிலையும் றப்பரும் அவ்வழியே துறைமுகத்தை நோக்கிச் சென்றன. எட்டியாந்தோட்டைக் கிளைப் பாதை பின்னர் அகற்றப்பட்டது. கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் வண்டி மட்டும் இன்றும் அம்மைதானத்தைக் கடந்தே போகின்றது.

வண்டியின் சாளரத்தின் வழியே அப்பசுந்தரையைக் காண்பவர், பணமும் தண்ணீரும் தாராளமாக இருந்தால் எவருக்கும் இது கைகூடும் என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பாதியே உண்மை. வெப்பக் காலத்தில் புல்லைக் காப்பது பெரும்பாலும் அடக்கத்தினாலே ஆகும் காரியம். எதைச் செய்ய வேண்டும் என்பதிலும், எதைச் செய்யாது விட வேண்டும் என்பதிலேதான் மைதானக் காவலரின் திறமை விளங்குகின்றது. கேகாலைத் தோட்டங்களில் கொல்ப் ஆடுவோர் அரியர். ஆயினும், தோட்டந்தோறும் சிறுவர் பந்தாடும் மைதானம் ஒன்று உண்டு. பாடசாலை முற்றம் உண்டு. துரையின் பங்களாவின் முன்னே புல்தரை உண்டு. இவை மாசி, பங்குனி மாதங்களில் புழுதியாகி, வைகாசியில் சேறாகி, ஆண்டுதோறும் ஒரு படை மண்ணை ஓடைக்குப் பறிகொடுப்பது கண்கூடு. இந்த இழப்பைத் தடுக்கும் வழி கொல்ப் காவலரின் கையில் இருக்கின்றது.

முதலிற் பருவத்தை அறிதல் வேண்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆடி, ஆவணி மாதங்கள் கடுங்கோடை. அதன்பின் இலையுதிர் காலம் வரும். கேகாலையில் அவ்வாறன்று. இங்கே தை முதல் பங்குனி நடுப்பகுதி வரையில் மழை குறைந்து வெயில் ஏறுகின்றது. அதே காலத்திலேதான் றப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கின்றன. கேகாலைக்கு இலையுதிர் காலம் என ஒன்று உண்டாயின் அது கோடையோடு கூடியே வருவது. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் பிற்பகல் தோறும் இடியுடன் மழை பெய்யும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று பெருமழையைக் கொணரும். வறட்சிக்கும் பெருமழைக்கும் இடையே கிடைப்பது ஏறத்தாழ இரண்டு மாதம். புல்லின் வாழ்வும் மண்ணின் வாழ்வும் இந்த இடைவெளியைப் பொறுத்தவை.

புற்களுள்ளும் இனவேறுபாடு உண்டு. குளிர்நாட்டுப் புல், நிலத்தின் வெப்பம் ஏறியதும் வேரை இழக்கத் தொடங்கும். அறுகம்புல் வெப்பநாட்டுக்கு உரியது. வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டியபோதும் உணவு சமைக்க வல்லது. அது தரையின் மேலே கொடியோடுவதோடு மண்ணுக்குள்ளும் தண்டோடிப் பரவுகின்றது. மழையற்ற நாளில் இலை பழுத்துக் காய்ந்தாலும் உட்தண்டு உயிரை மறைத்து வைத்திருக்கும். இன்னொரு புல்லும் ஈரவலயத்து முற்றங்களில் மலிந்து காணப்படுகின்றது. அகன்ற இலையுடைய அப்புல் நிழலையும் ஈரத்தையும் விரும்புவது. அதன் வேர் மேலோட்டமானது. ஆதலால் கோடையில் முதலில் வாடுவதும் அதுவே. வெயில் நேராக விழும் மைதானத்திற்கு அறுகும், மர நிழலுக்கு அகன்ற இலைப்புல்லும் ஏற்றவை.

காய்ந்த புல் செத்த புல் அன்று. இந்த ஓர் உண்மையை மறந்ததனால் விளைந்த தீங்கு பெரிது. பங்குனியில் மைதானம் பழுப்பேறியதும், இனி இது எதற்கு என்று சுரண்டியால் வழித்தெடுத்துத் துப்புரவு செய்துவிட்டால், பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். ஆனால் உறங்கிக் கிடந்த தண்டுகளும் அதனோடு போய்விடும். சித்திரை மழை விழும்போது முளைப்பதற்கு ஒன்றும் இராது. வைகாசி மழை விழும்போது மண்ணைப் பிடித்து நிற்பதற்கும் ஒன்றும் இராது. கொல்ப் காவலர் பழுப்பேறிய புல்லைக் கண்டு பதறுவதில்லை. அதனை அவ்வாறே உறங்க விடுவர்.

அடுத்தது வெட்டும் முறை. புல்வெட்டும் இயந்திரத்தை 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கினார். கம்பளித் துணியின் மேற்புறத்தை மழிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டே அவருக்கு அக்கருத்து உதித்தது. கருவி எதுவாயினும் விதி ஒன்றே: ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் நீக்கலாகாது. 3 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்திருக்க விரும்புவோர், அது நாலரை சென்ரிமீற்றர் ஆகும்போது வெட்டுதல் வேண்டும். கொல்ப் பந்தைக் குழியிலிடும் திடலில் புல் சில மில்லிமீற்றர் உயரமே நிற்கும். அங்கும் வெப்பமும் வறட்சியும் மிகும்போது கத்தியைச் சற்று உயர்த்தி விடுவது வழக்கம். இலையே புல்லுக்கு அடுப்பு. இலையைக் குறைத்தால் உணவு குறையும். உணவு குறைந்தால் வேர் குறுகும். குறுகிய வேர் ஆழத்து நீரை எட்டாது.

தோட்டத் தொழிலாளருக்கு இவ்வுண்மை புதியதன்று. தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்தபின், அது வேரிலே சேர்த்து வைத்த மாப்பொருளைக் கொண்டே மறுபடி துளிர்க்கின்றது. வேரில் மாப்பொருள் போதிய அளவு உண்டா என்று அயடீன் கரைசல் இட்டுப் பார்த்த பின்னரே கவ்வாத்துச் செய்யும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. வறட்சியில் மெலிந்த செடியைக் கவ்வாத்துச் செய்தால் அது பட்டுப்போகும். கோடையில் ஒட்ட வெட்டிய புல்லின் கதியும் அதுவே.

நீரிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாள்தோறும் சிறிது தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும். நீரைத் தேடி வேர் மேலே வரும். ஒருநாள் தெளிக்காவிடின் புல் சோரும். வாரத்தில் ஒரு முறையோ இரு முறையோ ஆழமாக நனைத்தால் வேரும் ஆழத்தை நாடும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆழம் நீர் நிற்க ஒரு லீற்றர் வேண்டும். அதன்படி, பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் உள்ள தரைக்கு 25 மில்லிமீற்றர் நீரிட 2,500 லீற்றர் செல்லும். குடிநீருக்கே பீலியை எதிர்நோக்கும் தோட்டத்தில் இஃது இயலாதது. அங்கே உயர வெட்டுதலும் மிதியைக் குறைத்தலுமே நீருக்கு மாற்று. நீர் வசதி உள்ளோர் விடியற்காலையில் இடுவது நன்று. உச்சி வெயிலில் இட்டால் நீர் வீணாகும்; மாலையில் இட்டால் இலை இரவெல்லாம் ஈரமாயிருந்து பூஞ்சண நோய்க்கு இடமாகும். எப்போது இடுவது என்பதைப் புல்லே சொல்லும். பசுமை மங்கிச் சாம்பல் படர்ந்து, நடந்த காலடி நிமிராமல் பதிந்தே கிடந்தால் அது தாகத்தின் குறி.

வெயிலில் தளர்ந்த புல்லுக்கு நைதரசன் உரத்தை மிகுதியாக இடுவது, பசியால் மயங்கியவனை ஓடச் சொல்வதை ஒக்கும். இலை விரைந்து நீளும்; வேரின் சேமிப்போ கரைந்துவிடும். உரம் மழைக்குக் காத்திருத்தல் வேண்டும். விளையாட்டையும் ஒரே இடத்தில் நடத்தாது இடம் மாற்றி நடத்தினால் மிதியின் சுமை பகிர்ந்து போகும்.

இனி, கோடை தணிந்தபின் செய்யும் பணி. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத் தொடக்கமே மைதானக் காவலருக்குப் பொற்காலம். மண்ணிலே வெதுவெதுப்பு மிஞ்சியிருக்கும், காற்றோ குளிர்ந்திருக்கும். உறைபனி இறங்குமுன் நிலத்தைத் துளையிட்டு, விதை தூவி, மணல் பரப்பி முடித்துவிடுவர். கேகாலையில் அப்பொற்காலம் சித்திரை. முதல் மழையில் மண் இளகியதும், மிதிபட்டு இறுகிய தரையில் கவைமுள்ளை எட்டு, பத்துச் சென்ரிமீற்றர் ஆழம் இறக்கி அசைத்து எடுத்தல் வேண்டும். அத்துளை வழியே வேருக்குக் காற்றும் நீரும் செல்லும். அதன்மேல் மணலும் மட்கிய எருவும் கலந்து மெல்லியதாகப் பரப்பினால் மேடுபள்ளம் சமனாகும். மண் வெளித்த இடங்களில் அறுகின் கொடித்துண்டுகளைச் சாண் இடைவெளியில் நட்டு மிதித்துவிட்டால், பெருமழைக்கு முன் அவை வேர் பிடித்துவிடும். இவ்வேலையை வறட்சியிலே செய்தால் காயம் ஆறாது. பருவமழை இறங்கியபின் செய்தால் நட்டது மிதந்து போகும்.

கொடித்துண்டால் நடும் இம்முறை உலகத்துச் சிறந்த கொல்ப் திடல்களிலும் நிலவுவது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டிவ்ற்றன் என்னும் ஊரில் கிளென் பேர்ட்டன் என்ற அறிஞர், நம்மவர் அறிந்த அறுகையும் ஆபிரிக்காவின் திரான்ஸ்வால் அறுகையும் கலந்து புதுவகைகளை உருவாக்கினார். அவை 1956, 1960, 1965ஆம் ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவை முளைக்கும் விதை தருவதில்லை; ஆதலின் கொடியால் நட்டே பெருக்கப்படுகின்றன. அவ்வறிஞரே கம்புப் பயிரிலும் ஆய்வு செய்தவர். அவர் அளித்த ஆண்மலட்டுக் கம்பு இனத்தைத் தாயாகக் கொண்டு இந்தியாவின் முதற் கலப்பினக் கம்பு 1965இல் வெளியிடப்பட்டது. செல்வர் விளையாடும் தரைக்கும் ஏழை உண்ணும் கூழுக்கும் ஒரே ஆய்வுக்கூடம் பணிபுரிந்தது.

வைகாசியில் மழை பொழியும்போது காவலரின் கவலை தலைகீழாகும். இப்போது நீர் வடிய வேண்டும். தரையை ஓரங்களை நோக்கிச் சற்றே சாய்த்து, ஓரக் கான்களை மழைக்கு முன்னரே துப்புரவாக்கி வைத்தல் வேண்டும். மேகம் மூடி ஒளி குறைந்த நாட்களிலும் புல்லை உயரமாகவே வெட்டுவது நன்று; குறைந்த ஒளியைப் பிடிக்க அகன்ற பசுமை தேவை. சேறாகிய தரையில் ஓரிரு நாள் ஆட்டத்தை நிறுத்தி வைப்பது பல மாத உழைப்பைக் காக்கும்.

விளையாட்டுத் தரைக்குச் சொன்னது மலைச்சரிவுக்கும் பொருந்தும். பழைய நாளில் தோட்டங்களிற் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் நில்லாது சுரண்டி எடுப்பதே நல்ல வேலை எனக் கருதப்பட்டது. அதன் விலையாக மேல்மண் ஆறுகளில் இறங்கியது. மண் காப்புக்கென இலங்கையில் 1951இல் சட்டமே இயற்றப்பட்டது. இன்று, பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுமுன் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ 18 முதல் 24 மாதம் வளர்த்து மண்ணுக்கு உயிரூட்டும் முறை வழங்குகின்றது. அப்புல்லை வெட்டிப் பரப்பினால் கோடையில் ஈரம் காக்கும். மாரியில் துளியின் அடியைத் தாங்கும். 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அரநாயக்கவிலே மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனதைக் கேகாலை மறக்கவில்லை. மலையே பெயரும்போது புல்லின் வேர் அதனைத் தடுத்து நிறுத்தாது. அதற்கு வேறு எச்சரிக்கையும் வேறு காப்பும் வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் ஓசையின்றி அரித்துச் செல்லும் மண்ணைப் புல் தடுக்க வல்லது. பிள்ளைகள் விளையாடும் முற்றமும், பெற்றோர் கொழுந்து பறிக்கும் சரிவும் நிலைத்திருப்பது அந்த மேல்மண்ணாலேயே.

கோடையில் பொறுமை, சித்திரையில் சுறுசுறுப்பு, மாரியில் விழிப்பு: இம்மூன்றுமே புல் காக்கும் கலை. இவற்றுள் முதலாவதற்குச் செலவு ஏதுமில்லை. வரும் பங்குனியில் பழுத்துக் கிடக்கும் மைதானத்தின் ஓரத்தில் சுரண்டியோடு நிற்பவர், அதனைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிடி மண்ணைக் கிளறிப் பார்ப்பாராக. வெண்மையான ஒரு தண்டு அங்கே மழைக்காகக் காத்திருக்கும்.