கூண்டு ஏற்றுகிறார்கள், கணக்கில் ஏற்றுவதில்லை

(அத்திபெலேயில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஐப்பசி பிறந்துவிட்டது. இங்கே அத்திபெலேயில் வானம் இருட்டினால் கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போடுகிறோம். அத்தோடு நம் வேலை முடிந்தது. ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த நம் குடும்பங்களில் அப்படி முடிவதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த இரவில் அந்த வீடுகளில் விளக்கு அணைவதில்லை. ஊரில் தனியாக இருக்கும் தாயோடும் தகப்பனோடும் கைப்பேசியில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

"நாம் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், கடலோரப் புயலைப் பற்றி நமக்கு எதற்குப் பேச்சு?" என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்மில் பலர் எதற்காக இங்கே வந்தோம் என்று கேட்டுப் பார்த்தால் பதில் அந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறது. ஆகவே நாகப்பட்டினம் கடற்கரையின் புயல் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில், ஏன் அந்தக் கரைக்கே அடிக்கடி வருகிறது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலின் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெப்பமும் ஈரமும்தான் புயலுக்குத் தீனி. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே உருவாகும் புயல்களில் பல, மேற்கே நகர்ந்து தமிழகக் கரைக்கு வருகின்றன. கோடியக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணை; ஆழம் குறைந்த கடல். காற்று தள்ளிவரும் தண்ணீருக்கு அங்கே இறங்க இடமில்லை, கரையேறிவிடும். கரைக்கு இந்தப் பக்கமோ மேடு பள்ளம் இல்லாத காவிரிப் படுகை. தடுக்க ஒன்றும் கிடையாது.

1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு அருகே கடும்புயல் கரையைக் கடந்தது. அதே ஆண்டில்தான் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவரை பண்ணையாளின் குடிசை நின்ற மண்கூட அவனுக்குச் சொந்தமில்லை. மிராசுதார் சொன்னால் காலி செய்ய வேண்டும். மூன்றே ஆண்டு கழித்து 1955-இல் ராஜாமடம் பகுதியில் இன்னொரு புயல். கடல்நீர் வெகுதூரம் ஊருக்குள் புகுந்தது. காரை வீடு நின்றது, கீற்றுக் குடிசை போனது. எந்தப் புயலிலும் இதுதான் கதை.

1964 டிசம்பர் 22. ரயில்வேயில் வேலை பார்க்கும் நாங்கள் இந்தத் தேதியை மறப்பதில்லை. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் வண்டியைப் பேரலை அடித்துக்கொண்டு போயிற்று. பயணிகளும் ஊழியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தந்தியும் தொலைபேசியும் அறுந்துபோனதால் வெளியுலகுக்கு உடனே தெரியவும் இல்லை. இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கிட்டார்கள்? விற்ற டிக்கெட்டை வைத்துத்தான். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள், உண்மைத் தொகை இன்னும் கூடுதல் என்று இன்றுவரை பேசுகிறார்கள். காகிதத்தில் இல்லாதவன் செத்தாலும் கணக்கில் வருவதில்லை. தோழர்களே, இதை மனத்தில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருகிறோம்.

1977 நவம்பர் 12 விடியற்காலையில் மறுபடியும் நாகப்பட்டினம். 560 பேர் மாண்டார்கள் என்று வானிலைத் துறையின் பதிவு சொல்கிறது. பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஒரே வாரத்தில், நவம்பர் 19-இல், ஆந்திராவின் திவிசீமையைப் புயல் விழுங்கியது. பத்தாயிரம் பேர் வரை மாண்டார்கள்.

இதெல்லாம் இயற்கையின் சீற்றம், யார் என்ன செய்ய முடியும் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் அங்கே பத்தாயிரம் பேர் அளவில் மாண்டனர். அதன்பின் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், ஊர்தோறும் ஆட்களைப் பழக்கினார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழப் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள்; உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானில் லட்சக்கணக்கானோர் புயலில் மடிந்தார்கள். நிவாரணத்தில் ஆட்சியாளர் காட்டிய மெத்தனத்தால் எழுந்த கோபம் அடுத்த மாதத் தேர்தலில் வெடித்தது. மறு ஆண்டே வங்கதேசம் பிறந்தது.

நம் கரையிலும் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. அதை மறைக்கக் கூடாது. துறைமுகத்தில் 1 முதல் 11 வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மணிக்கு மணி சொல்கிறார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் 120 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறியபோது, ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். உயிரிழப்பு நூற்றுக்குள் நின்றது. 1977-ஐ நினைத்தால் இது பெரிய காரியம். இதற்காக உழைத்த கடைநிலை ஊழியர்களை நாம் வணங்குகிறோம்.

ஆனால் உயிர் பிழைத்தவன் மறுநாள் எதைக் கொண்டு பிழைப்பான்? அங்கேதான் கணக்கு தவறுகிறது.

லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தென்னை வைத்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும்; அந்தத் தொகை போதாது என்று விவசாயி அழுதார், நியாயம்தான். ஆனால் மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண், கயிறு திரித்தவர், இவர்களுக்கு மரக்கணக்கில் இடமே இல்லை. வேதாரண்யத்தில் உப்பளங்களில் கடல் சேறு படிந்தது. பாத்தி கட்டி வாரியவர்களுக்குக் கூலி நின்றது. உடைமை உள்ளவனுக்கு இழப்பு என்று ஒன்று எழுதப்படுகிறது. உழைப்பு மட்டுமே உள்ளவனுக்கு எழுதுவதற்குப் பத்தியே இல்லை. அப்படிப்பட்டவர்கள்தான் காரைக்கால் வண்டியில் ஏறி, ஒசூரில் இறங்கி, பொம்மசந்திராவுக்கும் ஜிகணிக்கும் வேலை தேடி வந்தார்கள்.

நமது சங்கத்துக் குடும்பம் ஒன்று கஜாவுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. ஊரில் புறம்போக்கில் ஒரு குடிசை, அதில் வயதான அம்மா மட்டும். புயல் அன்று மகன் பத்துத் தடவை பேசினார். "ஆட்டை யாருடா பாத்துக்குவா? நான் வரலே" என்று அந்த அம்மா பிடிவாதம் பிடித்தார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆட்டையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். உயிர் தப்பியது. குடிசை தப்பவில்லை. அம்மா மகளின் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் கணக்கெடுக்க ஆள் வந்தார். விழுந்து கிடந்த குடிசையைப் பார்த்து "ஆள் இல்லாத வீடு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். முழுதாக இடிந்த குடிசைக்கு அறிவித்த 10,000 ரூபாய் வரவில்லை. மகன் லீவு போட்டு மூன்று முறை அலைந்தார். லீவுச் சம்பளமும் வண்டிச் செலவும் போனதுதான் மிச்சம். கையில் பட்டா இல்லை, மின்கட்டண அட்டை இல்லை, அங்கே இருந்ததற்கு ஒரு சீட்டும் இல்லை.

தனுஷ்கோடி வண்டியில் டிக்கெட் இல்லாமல் போனவரின் நிலையும் இந்த அம்மாவின் நிலையும் ஒன்றுதானே?

ஆகவே நாம் என்ன செய்யலாம்? சங்கத்தின் முன் நான்கு காரியங்களை வைக்கிறோம்.

ஒன்று: ஊரில் உள்ள குடும்ப அட்டை, பெற்றோரின் வங்கிப் புத்தகம், வீட்டு வரி ரசீது, இவற்றின் நகல் இங்கே உங்கள் பெட்டியிலும் இருக்கட்டும். அசல் தண்ணீரில் போனாலும் நகல் பேசும்.

இரண்டு: மனைக்குப் பட்டா கேட்டு இன்றே மனுப் போடுங்கள். பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு மனை உரிமை கொடுக்க 1971-லேயே தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது. போராடிப் பெற்ற சட்டம் அது. புறம்போக்குக்கு வேறு வழி, வேறு மனு. எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். ஞாயிறு தோறும் சங்கத்தில் இருப்போம்.

மூன்று: ஊர்வாரியாக ஒரு நோட்டு. எந்த ஊரில் எந்தப் பெரியவர் தனியாக இருக்கிறார், அருகில் யாரைக் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பார், ஆடு மாடு உண்டா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூண்டு ஏறிய உடனே இங்கிருந்து பேசுவோம். புயலுக்குப் பின் கணக்கெடுக்க ஆள் வரும்போதும் பேசுவோம்.

நான்கு: கோரிக்கை. பூட்டிய வீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேலைக்கு வெளியூர் போனவர் குடும்பத்தை ஆள் இல்லாத குடும்பம் என்று தள்ளக் கூடாது. சொத்திழப்புக்கு நிவாரணம் இருப்பதுபோல் கூலியிழப்புக்கும் நிவாரணம் வேண்டும். இதை மனுவாக எழுதி, இங்குள்ள எல்லாக் குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்கி, மாவட்ட நிர்வாகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புவோம். கடலூர்க்காரர், தருமபுரிக்காரர் என்று பாராமல் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்று அவருக்குப் புயல் என்றால் நாளை நமக்கு வறட்சி. கணக்கெடுப்பவர் கையில் இருப்பது ஒரே படிவம்தான்.

நோட்டு மேசைமேல் இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு அப்படியே கலைந்துவிடாதீர்கள். ஊரில் இருக்கும் உங்கள் பெரியவர்களின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.