பானை வைக்கும் வீடும் வைக்காத வீடும்
(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியது)

"நீங்களும் பொங்கல் வைப்பீர்களா சார்?" என்று சிலர் தயங்கிக் கேட்கிறீர்கள். கிறிஸ்தவர்களுக்குள் இது வீட்டுக்கு வீடு மாறும். கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் வளாகத்திலேயே பானை ஏறும். சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை தனியாக உண்டு. பெந்தெகொஸ்தே வீடுகள் சிலவற்றில் கிறிஸ்துமஸே கிடையாது. வேதத்தில் தேதி இல்லையே என்பார்கள். பழைய வாதம்தான். மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள் 1659இல், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்றே சட்டம் போட்டார்கள்!

எங்கள் வீட்டில் ஜெபம் செய்து பானை இறக்குவோம். மருமகள் வேறு சபை. அவளுக்கு அதுவும் சம்மதமில்லை. அதனால் இந்த வருடம் வீட்டில் பானை இல்லை. பேரனும் நானும் இங்கே வந்துவிட்டோம். வெல்லம் அவள் வாங்கித் தந்தது.

ஒரு வேண்டுகோள். படைத்ததைச் சிலர் சாப்பிடமாட்டார்கள். (வங்கியில் ஆயுத பூஜைப் பொரியை ஒரு வருடமும் விடாதவன் நான், அது வேறு.) படைப்பதற்கு முன்பே ஒரு தூக்கில் எடுத்து வைத்தால், அந்த வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.