சவ்வின் காவல்

பந்தயக் காரின் வேகத்தை வியப்போர் பலர். அவ்வேகத்துக்குக் காவலாய் நிற்கும் கைக்கடக்கமான ஒரு கருவியை அறிவோர் சிலரே. பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே அமைந்த அழுத்தச் சீராக்கியே அது. ஹோலி கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 6 ராத்தல் அழுத்தம் வேண்டும். வெபருக்கு ஏறக்குறைய 3 ராத்தலே போதும். அழுத்தம் மிகுந்தால் மிதவையின் ஊசி வால்வு தோற்றுப் பெட்ரோல் வழியும். சூடான இயந்திரத்தின்மேல் அது தீயாக மாறலாம். குறைந்தாலோ, முழு வேகத்தில் கலவை மெலிந்து பிஸ்டனே உருகக்கூடும்.

சீராக்கியின் உயிர் ஒரு ரப்பர்ச் சவ்வு. எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுத்துவிடும் ஆதலால், அதனைப் புதுப்பித்தல் கடமை. இயந்திரம் ஆறிய பின் பாட்டரி இணைப்பை நீக்கி, குழாயின் அழுத்தத்தைத் தணித்துவிடுக. திருகின் உயரத்தை அளந்து குறித்து, அதைத் தளர்த்திய பின்னரே மூடியைத் திறக்க. இன்றேல் சுருள்வில் துள்ளிவிடும். வால்வு தேய்ந்திருப்பின் அதனையும் மாற்றுக. புதுச் சவ்வைச் சுருக்கமின்றிப் பரப்பி, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குக. பின்னர் அழுத்தமானியைப் பூட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு அழுத்தத்தைச் சரிசெய்க.

இறுதியாக, நேயர்களே, இயந்திரத்தை நிறுத்தி, இணைப்புகளை உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். துணி நனையாதிருந்தால் வண்டியை ஓட்டுநரிடம் ஒப்படைக்கலாம். நனைந்தால், பந்தயம் போயினும் போகட்டும் என்று வண்டியை நிறுத்திவிடுவதே அறிவுடைமை.